ரயில் வராத நிக்கோடெமஸ்: கன்சாஸ் சமவெளியில் நின்ற ஐந்து கட்டடங்கள்

அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில் ஸ்டாக்டன் என்ற ஊரிலிருந்து 24-ஆம் எண் நெடுஞ்சாலையில் மேற்கே போனால், வழிநெடுகக் கோதுமை வயல், மேய்ச்சல் நிலம், மறுபடியும் வயல். ஏறத்தாழ இருபது மைல் தாண்டியதும் சாலையோரத்தில் சில தெருக்களும் கொஞ்சம் வீடுகளும் வரும். அதுதான் நிக்கோடெமஸ். 2020-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஊருக்குள் இருந்தவர்கள் 14 பேர். வேகமாகப் போகும் காருக்கு அரை நிமிடம் பிடிக்காத ஊர் இது. ஆனாலும் அமெரிக்க நாடாளுமன்றம் 1996 நவம்பரில் இதைத் தேசிய வரலாற்றுத் தலமாகச் சட்டமியற்றி அறிவித்தது. உள்நாட்டுப் போருக்குப் பின், அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட மக்கள் மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே எழுப்பிய ஊர்களில் இன்றும் ஆள் குடியிருக்கும் மிகப் பழைய ஊர் என்று இதைக் குறிப்பிடுகிறார்கள்.

அந்தச் சட்டம் காப்பாற்றச் சொல்வது ஐந்து கட்டடங்களை. ஒரு பழைய விடுதி, இரண்டு தேவாலயங்கள், ஒரு பள்ளிக்கூடம், ஒரு பொதுமண்டபம். ஒரு காலத்தில் இங்கே மளிகைக் கடைகளும் பத்திரிகை அலுவலகங்களும் கொண்ட கடைத்தெரு இருந்தது. அதில் ஒன்றுகூடப் பட்டியலில் இல்லை. காரணம், ஒன்றுகூட மிஞ்சவில்லை. கடைத்தெரு முழுவதும் போன ஊரில் இந்த ஐந்து மட்டும் எப்படி நின்றன? இந்தக் கேள்விக்கு விடை தேடுவதுதான் இந்த ஆய்வின் வேலை.

புகை காட்டிய ஊர்

1877-ஆம் ஆண்டை முதலில் பார்க்க வேண்டும். தெற்கு மாநிலங்களில் கறுப்பின மக்களின் புதிய உரிமைகளுக்குக் காவலாக நின்ற மத்திய அரசுப் படைகள் அந்த ஆண்டில்தான் விலக்கிக்கொள்ளப்பட்டன. வாக்குரிமை ஏட்டில் இருந்தது. வாக்குச்சாவடிக்குப் போகிறவர் உயிருக்கு உத்தரவாதம் இல்லை. நிலமோ ஏட்டில்கூட இல்லை. நேற்றுவரை அடிமையாக உழைத்த வயலில் இன்று குத்தகைக்கு உழைப்பதுதான் பெரும்பாலோருக்கு வாய்த்த விடுதலை. மறுபுறம், 1862-ஆம் ஆண்டின் ஹோம்ஸ்டெட் சட்டப்படி மேற்கே போய் 160 ஏக்கர் நிலத்தில் ஐந்தாண்டு குடியிருந்து பயிர் செய்தால் அது சொந்தமாகிவிடும். அந்தச் சட்டம் நிறம் பார்க்கவில்லை.

அந்த வாய்ப்பை வைத்து 1877 ஏப்ரலில் ஒரு ஊர் நிறுவனம் தொடங்கப்பட்டது. தலைவர் டபிள்யூ. எச். ஸ்மித் என்ற கறுப்பினப் போதகர். செயலாளர் சைமன் ரவுண்ட்ரீ, அவரும் போதகர். பொருளாளர் டபிள்யூ. ஆர். ஹில் என்ற வெள்ளையர், மனைகள் விற்றுப் பழகியவர். ஊருக்குள் ஒரு மனைக்கு ஐந்து டாலர். கென்டக்கி மாநிலத்தின் ஸ்காட் மாவட்டத்துத் தேவாலயங்களுக்குத் துண்டறிக்கைகள் போயின. நல்ல மண், தண்ணீர், காடு, வேட்டை எல்லாம் உண்டு என்று ஆசை காட்டினார்கள்.

ஜூலையில் கன்சாஸ் தலைநகர் டொபீகாவிலிருந்து சுமார் முப்பது பேர் வந்து இறங்கினார்கள். செப்டம்பரில் கென்டக்கியிலிருந்து முந்நூறுக்கும் மேற்பட்டோர் வந்தார்கள். ரயில் எல்லிஸ் என்ற ஊர்வரைதான். அங்கிருந்து சாலமன் ஆற்றின் தெற்குக் கிளைவரை நடை. வந்து பார்த்தால் ஊர் இல்லை. மரமும் இல்லை. ஆற்றங்கரையில் மட்டும் கொஞ்சம் மரங்கள். மற்றபடி அடிவானம்வரை புல்.

மரம் இல்லாத இடத்தில் வீடு கட்டுவது எப்படி? மேட்டின் சரிவில் குழி தோண்டினார்கள். முன்பக்கம் கல்லோ மண்கட்டியோ அடுக்கி, மேலே கழிகளும் புல்கட்டிகளும் போட்டு மூடினார்கள். டக்அவுட் என்று அங்கே வழங்கும் மண்குழி வீடு அது. அடுத்த ஆண்டு வசந்தத்தில் கென்டக்கியிலிருந்து இன்னொரு குழு வந்தது. எல்லிஸில் தட்டம்மை பரவி, அந்தக் குழுவின் குழந்தைகள் சிலர் அங்கேயே இறந்துபோனார்கள். அந்தக் குழுவில் வந்த வில்லியானா ஹிக்மன் பின்னாளில் சொன்ன நினைவு அந்த ஊரின் கதையைப் பேசும் எல்லோரும் சொல்வது: நிக்கோடெமஸ் எங்கே என்று கணவரிடம் கேட்டிருக்கிறார். தரையிலிருந்து அங்கங்கே கிளம்பும் புகையைக் காட்டி, அதுதான் என்றிருக்கிறார் கணவர். வளைகள் போன்ற அந்த வீடுகளைப் பார்த்து அந்த அம்மாள் அழுதுவிட்டார். ஆனால் தங்கினார். அவருடைய கணவர் டேனியல் ஹிக்மன் போதகராக இருந்து ஒரு பாப்டிஸ்ட் சபையை நடத்தினார்.

முதல் குளிர்காலத்தில் பலர் பட்டினியின் விளிம்பில் இருந்தார்கள். வேட்டை முடிந்து திரும்பிக்கொண்டிருந்த ஓசேஜ் பூர்வகுடியினர் தங்கள் உணவில் பங்கு கொடுத்ததால்தான் பிழைத்தோம் என்று வழிவழியாகச் சொல்கிறார்கள். தங்கள் நிலத்தை இழந்தவர்கள், நிலம் தேடி வந்தவர்களுக்கு உணவு கொடுத்தார்கள். இந்த ஒரு செய்திக்காகவே இந்த ஊரின் கதையைத் தனியாக எழுதலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

வந்தவர்களில் பல குடும்பங்கள் திரும்பிப் போய்விட்டன. அவர்களைக் குறை சொல்ல முடியாது. இருந்தவர்களிடம் உழவு மாடு இல்லை, குதிரை மிகக் குறைவு. மண்வெட்டியாலும் களைக்கொத்தாலும் புல்தரையைக் கிளறி விதைத்தார்கள். புல்வெளி மண்ணைத் தெரிந்தவர்களுக்கு இது எத்தகைய வேலை என்று புரியும். நூற்றாண்டுகளாகப் பின்னிக் கிடக்கும் புல்வேர், இரும்புக் கலப்பைக்கே எளிதில் வழிவிடாது. போதாக்குறைக்கு மழையும் நிச்சயமில்லை. ஈர நாட்டுக்கும் வறண்ட நாட்டுக்கும் எல்லையாக அமெரிக்கர்கள் கருதும் 100-ஆவது தீர்க்கரேகை ஊருக்குச் சற்று மேற்கேதான் ஓடுகிறது.

கல் வீடு

ஐந்தில் மூத்தது விடுதி. முதல் குழுவில் வந்த சக்கரி ஃப்ளெட்சரும் ஜென்னி ஸ்மித் ஃப்ளெட்சரும் 1880-ல் அதைக் கட்டினார்கள். செயின்ட் பிரான்சிஸ் ஓட்டல் என்று பெயர். ஜென்னி, ஊர் நிறுவனத் தலைவர் ஸ்மித்தின் மகள். ஊரின் முதல் அஞ்சலக அதிகாரி அவர். முதல் ஆசிரியையும் அவர்தான். அந்தக் கட்டடம் விடுதியாக மட்டும் இருக்கவில்லை. கடிதமும், பாடமும், வழிப்போக்கரின் படுக்கையும் ஒரே கூரையின் கீழ் இருந்தன.

அந்த வட்டாரத்தில் வெட்டியெடுத்த சுண்ணாம்புக்கல்லால் எழுந்த சுவர் அது. மரப்பலகை எல்லிஸ் போன்ற ரயில் ஊர்களிலிருந்து வண்டியில் வர வேண்டும், காசு கொடுக்க வேண்டும். கல்லுக்கு உழைப்பு மட்டும் போதும். அது அவர்களிடம் இருந்தது. இந்த வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். எட்டே ஆண்டுகளில் இதுதான் ஊரின் தலையெழுத்தைத் தீர்மானித்தது.

விடுதி பின்னர் குடும்ப வீடாகி, ஸ்விட்சர் குடும்பத்தின் பெயரோடு சேர்ந்துகொண்டது. 1954-ல் கிரீன் பே பாக்கர்ஸ் அணி முதல் சுற்றிலேயே தேர்ந்தெடுத்த அமெரிக்கக் கால்பந்து வீரர் வெரில் ஸ்விட்சர் இந்த ஊரில் பிறந்தவர்.

இதே ஆண்டுகளில் ஊருக்கு அரசியல் முகமும் வந்தது. எட்வர்ட் மெக்கேப் என்ற இளைஞர் நிக்கோடெமஸில் குடியேறி, 1880-ல் ஆளுநர் செயின்ட் ஜான் நியமனத்தால் கிரஹாம் மாவட்டத்தின் எழுத்தர் ஆனார். 1882-ல் கன்சாஸ் மாநிலத் தணிக்கையாளராகத் தேர்தலில் வென்றார். 1884-ல் மறுபடியும் வென்றார். மண்குழிகளாகத் தொடங்கிய ஊர் ஐந்தே ஆண்டுகளில் மாநிலம் முழுவதும் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த ஒருவரைத் தந்தது. அவர் பின்னாளில் ஒக்லஹோமாவுக்குப் போய் லாங்ஸ்டன் என்ற இன்னொரு கறுப்பின ஊர் எழக் காரணமானார்.

பதினாறாயிரம் டாலர்

1880-களின் நடுவில் நிக்கோடெமஸில் நல்ல காலம். 1886-ல் வெஸ்டர்ன் சைக்ளோன், 1887-ல் நிக்கோடெமஸ் எண்டர்பிரைஸ் என்று இரண்டு செய்தித்தாள்கள். கடைகள், மருந்துக்கடை, கொல்லர் பட்டறை, விடுதிகள். நில விலை ஏறியது. வெள்ளையர்களும் கடை போட வந்தார்கள். இவ்வளவுக்கும் காரணம் ஒரே நம்பிக்கை: ரயில் வரப்போகிறது.

மேற்கே ரயில் வந்த முறையைக் கொஞ்சம் விளக்க வேண்டும். எந்த ஊர் வழியாகப் பாதை போடுவது என்று ரயில் நிறுவனம் தீர்மானிக்கும். தங்கள் ஊருக்கு வர வேண்டுமென்றால் ஊரார் வாக்கெடுத்துக் கடன் பத்திரம் வெளியிட்டு நிறுவனத்துக்கு உதவ வேண்டும். பக்கத்து ஊர் அதிகம் கொடுத்தால் பாதை அங்கே திரும்பலாம். ஊர்கள் ஒன்றையொன்று முந்தப் பார்த்துக் கடனில் விழுந்தன. ஊரும் சுற்றியிருந்த பண்ணைகளும் சேர்ந்த உள்ளாட்சிப் பகுதியான நிக்கோடெமஸ் டவுன்ஷிப் 1887-ல் மிசூரி பசிபிக் ரயில் நிறுவனத்துக்காக 16,000 டாலர் கடன் பத்திரத்துக்கு ஒப்புதல் அளித்தது. பத்தாண்டுக்கு முன் களைக்கொத்தால் உழுதவர்கள் அவர்கள்.

மிசூரி பசிபிக் வரவில்லை. யூனியன் பசிபிக் நிறுவனத்தின் பாதை வந்தது. ஆனால் ஆற்றின் மறுகரையில். 1888-ல் அந்த நிறுவனம் சாலமன் ஆற்றுக்குத் தெற்கே ஏறத்தாழ ஆறு மைல் தள்ளி முகாம் அமைத்தது. அது போக் என்ற ஊரானது. நிக்கோடெமஸ் வணிகர்கள் கடையைக் கட்டிக்கொண்டு அங்கே போனார்கள். கட்டிக்கொண்டு என்பதைச் சொல்லுக்குச் சொல் எடுத்துக்கொள்ளலாம். பலகைச் சட்டத்தில் கட்டிய கடை தரையோடு ஒட்டியதல்ல. அடியில் நீளமான உத்தரங்களைச் செருகிக் குதிரைகளைப் பூட்டி இழுத்தால் கட்டடமே நகரும். மேற்கத்தியச் சமவெளி ஊர்களில் இது வழக்கமான காரியம். செய்தித்தாள்கள் இரண்டும் நின்றன. எண்டர்பிரைஸ் 1887-லேயே ஓய்ந்துவிட்டது, சைக்ளோன் 1888-ல்.

இத்தகைய ஊர்களின் கதை வழக்கமாக இந்த இடத்தில் முடிந்துவிடும். ரயில் தவறவிட்ட ஊர், சில ஆண்டுகளில் அடித்தளக் கற்களும் ஒரு கல்லறைத் தோட்டமும் மட்டும் மிஞ்சும். நிக்கோடெமஸ் ஏன் அப்படி ஆகவில்லை என்பதற்கு, மக்களின் மன உறுதி என்று பலரும் பதில் சொல்கிறார்கள். அது உண்மைதான். ஆனால் அது போதாது. அழிந்துபோன மற்ற ஊர்களின் மக்களுக்கு மன உறுதி இல்லை என்றா சொல்வது?

என் பார்வையில் விடை அந்த ஆறு மைலில் இருக்கிறது. கடைக்காரருக்கு ஆறு மைல் என்பது சாவு. சரக்கு இறங்கும் இடத்திலேயே போட்டிக் கடை இருக்கும்போது, ஆறு மைல் தள்ளி வண்டிக்கூலி சேர்த்து விற்பவரிடம் யார் வாங்குவார்கள்? உழவருக்கு அதே ஆறு மைல் வரப்பிரசாதம். முன்பு தானியத்தை விற்கத் தொலைதூர ரயில் ஊருக்கு வண்டி கட்டிப் போக வேண்டும்; வழியில் இரவு தங்க வேண்டும். இப்போது காலையில் கோதுமை மூட்டையோடு கிளம்பினால் போக்கில் விற்றுவிட்டு மாலைக்குள் வீடு திரும்பலாம். ரயில், ஊரின் கடைத்தெருவைக் கொன்றது. சுற்றியிருந்த பண்ணைகளுக்கு உயிர் கொடுத்தது. 160 ஏக்கரை உத்தரத்தில் ஏற்றி ஆற்றைக் கடத்த முடியாது. ஐந்தாண்டு காத்திருந்து பத்திரம் வாங்கிய நிலம் அது. பரம்பரையில் முதன்முதலாகச் சொந்தமான நிலம். அதை விட்டுப் போவதற்கு அவர்களுக்குக் காரணமே இல்லை.

ஆகவே, 1888-க்குப் பிறகு நிக்கோடெமஸ் கடைத்தெருவாக இருப்பதை விட்டுவிட்டு உழவர்கள் கூடும் இடமாக மாறியது. உழவர்கள் எதற்காகக் கூடுவார்களோ அதற்கான கட்டடங்கள் நின்றன. ஞாயிற்றுக்கிழமை வழிபாட்டுக்கு, பிள்ளைகளின் படிப்புக்கு, ஊர்க் கூட்டத்துக்கு. ஐந்து கட்டடங்களின் பட்டியலை இந்தக் கோணத்தில் பார்த்தால் அது தற்செயலான மிச்சமாகத் தோன்றாது.

இரண்டு தேவாலயங்கள்

ஆப்பிரிக்க மெதடிஸ்ட் எபிஸ்கோப்பல் சபையின் தேவாலயம் 1885-ல் சுண்ணாம்புக்கல்லால் கட்டியது. கட்டியபோது அது வேறு சபையுடையது. மெதடிஸ்ட் சபையார் 1897-ல் வாங்கினார்கள். ஆண்டைக் கவனியுங்கள். கடைகள் போய் ஒன்பது ஆண்டு கழித்து ஒரு சபை இந்த ஊரில் காசு கொடுத்துக் கட்டடம் வாங்குகிறது. செத்த ஊரில் யாரும் கட்டடம் வாங்கமாட்டார்கள்.

முதல் பாப்டிஸ்ட் தேவாலயத்தின் கதை இன்னும் அழுத்தமானது. அந்தச் சபை மண்குழியில் தொடங்கியது. பிறகு சிறிய கல் அறை. 1907-ல் இப்போது பழைய தேவாலயம் என்று சொல்லும் பெரிய கல் கட்டடம். 1975-ல் அதன் பக்கத்திலேயே புதிய தேவாலயம் கட்டிக்கொண்டார்கள். நூறு ஆண்டுக்குள் ஒரு சபை நான்கு வகை வீடுகளில் கும்பிட்டது; குடி குறைந்துகொண்டே வந்த காலத்திலும் புதிதாகக் கட்டியது. 1907 கட்டடத்தைக் கட்டியபோது அந்த வட்டாரத்துப் பண்ணைகள் நல்ல நிலையில் இருந்தன. முதல் உலகப் போர்க்காலக் கோதுமை விலையேற்றம் இன்னும் வரவேண்டியிருந்தது. ரயில் தவறி இருபது ஆண்டு கழிந்தும் ஊர் வளர்ந்துகொண்டிருந்தது என்பதற்கு இந்தக் கல் சுவரைவிட நல்ல சான்று வேண்டாம்.

பள்ளிக்கூடம்

செயலாளர் ரவுண்ட்ரீயைப் பற்றி ஊரில் ஒன்று சொல்வார்கள். அடிமையாக இருந்த காலத்தில் படிக்கக் கற்றுக்கொண்டதற்காக அவர் கன்னத்தில் சூடு போட்டார்களாம். அந்தத் தழும்பு கடைசிவரை இருந்ததாம். இப்படிப்பட்டவர்கள் ஊர் அமைத்தால் பள்ளிக்கூடம் எப்போது வரும் என்று கேட்கத் தேவையில்லை. கிரஹாம் மாவட்டத்தின் முதல் பள்ளி வட்டமே நிக்கோடெமஸ்தான், 1879-ல் அமைந்தது. 1887-ல் நான்கு அறைப் பள்ளி எழுந்தது. அது தீயில் அழிந்த பிறகு 1918-ல் கட்டிய சிறிய பலகைக் கட்டடம்தான் இப்போது நிற்பது. 1960-வரை அதில் பாடம் நடந்தது.

ஐந்தில் இது மட்டும்தான் மரக் கட்டடம். நகர்த்தக்கூடியது. நகரவில்லை, ஏனென்றால் 1918-ல் நகர்வதற்குப் போட்டியே இல்லை. பிள்ளைகள் இங்கே இருந்தார்கள். நான்கு அறையிலிருந்து சின்னப் பள்ளிக்குச் சுருங்கியதைத் தோல்வியாகப் படிக்கலாம். கையில் இருந்த பிள்ளைகளுக்கு ஏற்ற அளவில் மறுபடியும் கட்டினார்கள் என்றும் படிக்கலாம். நான் இரண்டாவதாகவே படிக்கிறேன்.

புழுதிக் காலத்து மண்டபம்

1930-களில் விலை வீழ்ச்சியும் வறட்சியும் சேர்ந்து வந்தன. உழுது புல்வேரை அறுத்த மண் காற்றில் பறந்தது. புழுதிப் புயல்கள் சமவெளியை மூடின. ரயிலால் செய்ய முடியாததை இது செய்தது, ஏனென்றால் இது அடித்தது நிலத்தை. 1935-ல் ஊரில் 76 பேர் இருந்தார்கள். 1950-ல் 16 பேர். டென்வர், டொபீகா, கலிஃபோர்னியா என்று இளைஞர்கள் கிளம்பினார்கள்.

அந்த நேரத்தில்தான், 1939-ல், ஐந்தாவது கட்டடம் எழுந்தது. வேலையில்லாதவர்களுக்கு வேலை கொடுக்க அதிபர் ரூஸ்வெல்ட் அரசு நடத்திய டபிள்யூ.பி.ஏ. திட்டத்தின் கீழ் உள்ளூர் ஆட்களே சுண்ணாம்புக்கல் வெட்டி டவுன்ஷிப் மண்டபத்தைக் கட்டினார்கள். நாளொரு குடும்பம் வெளியேறும் ஊரில் மண்டபம் எதற்கு என்று அன்று கேட்டவர் இருந்திருக்கலாம். கூலி கிடைத்தது என்பது ஒரு பதில். ஊர்க்கூட்டம், தேர்தல், நடனம், விருந்து ஆகியவற்றுக்கு ஒரு பெரிய கூடம் கிடைத்தது என்பது இன்னொரு பதில். இரண்டாவது பதிலின் பயன் பின்னால்தான் முழுதாகத் தெரிந்தது. 1953-ல் அஞ்சலகம் மூடியது. ஏழு ஆண்டில் பள்ளியும் மூடியது. மண்டபம் மூடவில்லை.

மண்டபத்துக்கு வேலை கொடுத்தவர்களில் ஊரைவிட்டுப் போனவர்களும் உண்டு. விடுதலை நாள் விழாவை நிக்கோடெமஸ் மக்கள் 1878 முதலே கொண்டாடி வருகிறார்கள். மேற்கிந்தியத் தீவுகளில் அடிமை முறை ஒழிந்த ஆகஸ்ட் முதல் நாளை ஒட்டி வரும் விழா அது. பின்னாளில் அது ஊர் திரும்பும் விழாவாயிற்று. ஜூலை இறுதியில், பல மாநிலங்களில் சிதறிய குடும்பங்களின் பேரன் பேத்திகள் வந்து கூடுகிறார்கள். ஊர்வலம், வழிபாடு, சமையல், உறவு விசாரிப்பு. பதினான்கு பேர் ஊரில் சில நாட்களுக்குக் கார் நிறுத்த இடம் தேட வேண்டியிருக்கும். ஆண்டில் பெரும்பகுதி அமைதியாக இருக்கும் ஒரு கட்டடத்தை நூறு ஆண்டுக்கு நிற்கவைப்பதற்கு இப்படி ஒரு நாள் போதும்.

யார் பொறுப்பு?

1976-ல் நிக்கோடெமஸ் தேசிய வரலாற்று அடையாளம் ஆயிற்று. 1980-களின் இறுதியில், குடியேறியவர்களின் வழித்தோன்றலான ஏஞ்சலா பேட்ஸ் முன்னின்று வரலாற்றுக் கழகம் தொடங்கினார். அந்த முயற்சிகள்தான் 1996 சட்டத்துக்கு வழிவகுத்தன. அதன்படி தேசியப் பூங்காத் துறை ஊருக்கு வந்தது. டவுன்ஷிப் மண்டபத்தில் பார்வையாளர் மையம் நடத்துகிறது.

ஆனால் ஐந்து கட்டடங்களும் அரசுக்குச் சொந்தமாகிவிட்டன என்று நினைத்தால் தவறு. மெதடிஸ்ட் தேவாலயத்தைத்தான் பூங்காத் துறை 1998-ல் வாங்கியது. மண்டபம் டவுன்ஷிப்பினுடையது. பள்ளிக்கூடமும் பாப்டிஸ்ட் தேவாலயமும் உள்ளூர் அமைப்புகளின் கையில். விடுதி தனியார் உடைமை. அரசுக்குச் சொந்தமில்லாத சுவரில் அரசுப் பணத்தைச் செலவிடுவது எளிதல்ல. உடன்படிக்கை, மானியம், ஒப்புதல் என்று நீளும். அதற்குள் மழைநீர் சுண்ணாம்புக்கல்லின் இணைப்புக் காரையைத் தின்றுவிடும். இந்தக் கல் மென்மையானது. உள்ளே ஈரம் தங்கி, குளிர்காலத்தில் உறைந்து விரிந்தால் படலம் படலமாக உதிரும். சுவருக்கு மேல் பிற்காலத்தில் கெட்டியான பூச்சு பூசினால் பாதுகாப்பு என்று தோன்றும். உள்ளே புகுந்த ஈரம் வெளியேற வழியில்லாமல் கல்லையே கெடுத்துவிடுவதும் உண்டு. இத்தகைய கட்டடங்களைப் பேணுபவர்கள் மென்மையான சுண்ணாம்புக் காரையைத் தேடுவது அதனால்தான்.

இந்த ஐந்தில் எதற்கும் கட்டடக்கலைப் பாடப் புத்தகத்தில் இடம் தேடித்தரும் அழகு இல்லை. எளிய சதுரங்கள், எளிய கூரைகள். கட்டடத்தின் மதிப்பை அதன் முகப்பை வைத்து அளப்பவர்களுக்கு நிக்கோடெமஸ் ஏமாற்றம் தரும். பழுதுபார்ப்புக்குப் பணம் ஒதுக்குகிறவர்களில் அப்படி அளப்பவர்கள் இருக்கிறார்கள் என்பதே என் கவலை.

பட்டியலில் இல்லாத வீடு

ஒரு குறையைச் சொல்லியாக வேண்டும். ஐந்து கட்டடங்களில் மூத்தது 1880-ஐச் சேர்ந்தது. அதற்கு முன் மூன்று குளிர்காலங்களை மக்கள் கழித்தது மண்குழிகளில். பலர் அதற்குப் பிறகும் அவற்றில்தான் வாழ்ந்தார்கள். ஊரின் மிகக் கடினமான காலத்துக்குச் சாட்சியான வீடுகள் பட்டியலில் இல்லை, இருக்கவும் முடியாது. கூரை சரிந்து, மண் நிரம்பி, புல் மூடிவிட்டது.

2000-களின் பின்பாதியில் தொல்லியல் ஆய்வாளர்கள் ஊருக்கு வெளியே ஒரு பழைய பண்ணை நிலத்தில் தோண்டினார்கள். ஹென்றி வில்லியம்ஸ் பண்ணை என்று பெயர். எம்மா வில்லியம்ஸ் என்ற பெண் 1877 செப்டம்பர் குழுவோடு நிறைமாதக் கர்ப்பிணியாக நடந்து வந்தவர். வந்த சில வாரங்களில் ஹென்றியைப் பெற்றார். நிக்கோடெமஸில் பிறந்த முதல் குழந்தை. அந்தப் பண்ணையின் பள்ளங்களில் மண்குழி வீட்டின் தடயங்கள் கிடைத்தன. நெடுஞ்சாலையிலிருந்து பார்த்தால் சரிவில் ஒரு சிறு குழிவு, அவ்வளவுதான்.

இந்தக் குழிவுகள் பல தனியார் வயல்களில் இருக்கின்றன. கல் சுவர் விழ ஐம்பது ஆண்டு ஆகும்; மண்குழியின் தடம் அழிய டிராக்டர் ஒருமுறை ஆழமாக உழுதால் போதும். ஐந்து கட்டடங்களுக்குக் காரை பூசும் வேலையோடு, இந்தச் சரிவுகளை அளந்து வரைபடத்தில் குறிக்கும் வேலையும், நிலத்துக்காரர்களிடம் பேசி அந்தச் சில சென்ட் நிலத்தை மட்டும் உழாமல் விடச் சொல்லும் வேலையும் நடக்க வேண்டும். வில்லியானா ஹிக்மனின் கணவர் கை நீட்டிக் காட்டிய ஊர் அந்தச் சரிவுகளில்தான் இருந்தது.